பேனல் ஏசி எத்தனை வாட் வேண்டும்? புதியவர்களுக்கான கணக்கு

"அரை டன் போதுமா?" பேனல் கூலிங் (தொழிற்சாலை மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் குளிர்விக்கும்) பிரிவில் புராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தவரிடம் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அரை டன் என்பது ஏறத்தாழ 1,750 வாட். அந்தப் பேனலுக்கு அது போதுமா, அதிகமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கைக்கணக்காகச் சொல்லி அனுப்பிய ஏசி மே மாதத்தில் புகாராகத் திரும்பி வரும்.

படி 1: விவரம் கேளுங்கள்

பேனலின் உயரம், அகலம், ஆழம்; அது தனியாக நிற்கிறதா, சுவரை ஒட்டியிருக்கிறதா; உள்ளே என்னென்ன சாதனங்கள்; வெளிக்காற்றில் தூசியா, பஞ்சா, எண்ணெய்ப் புகையா. வெளி வெப்பநிலையை வானிலை அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள். கோடைப் பகல் இரண்டு, மூன்று மணிக்கு, ஏசி காற்றை இழுக்கப்போகும் இடத்திலேயே அளக்கச் சொல்லுங்கள். திருப்பூர் சாயப்பட்டறையில் ஸ்டென்டர் (துணியைச் சூட்டில் உலர்த்தும் இயந்திரம்) பக்கத்தில் நிற்கும் பேனலைச் சுற்றியுள்ள காற்று ஊர் வெயிலைவிடச் சூடாக இருக்கும்.

படி 2: உள்ளே பிறக்கும் வெப்பம்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 11 கிலோவாட் டிரைவ், 11 கிலோவாட் வெப்பத்தைக் கக்குவதில்லை. அதில் 2 முதல் 4 சதவீதம்தான் பேனலுக்குள் வெப்பமாகிறது. மேனுவலில் இழப்பு வாட் கணக்கில் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் 3 சதவீதம் வையுங்கள்.

ஓர் உதாரணம்: 11 கிலோவாட் டிரைவ் மூன்று. 33,000 × 0.03 = 990 வாட். பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), பவர் சப்ளை, கான்டாக்டர் (மின்சுவிட்ச்) எல்லாம் சேர்த்து 110 வாட். மொத்தம் 1,100 வாட். பிரேக் ரெசிஸ்டர் (மோட்டாரை நிறுத்தும்போது வரும் ஆற்றலை வெப்பமாக்குவது) உள்ளே இருந்தால், அதை வெளியே மாற்றச் சொல்வதுதான் மலிவான வழி.

படி 3: தகடு வழியாக வரும் வெப்பம்

பேனல் 2 மீட்டர் உயரம், 0.8 அகலம், 0.6 ஆழம், முதுகு சுவரை ஒட்டியிருக்கிறது. அப்போது பயன்படும் பரப்பு:

1.4 × அகலம் × (உயரம் + ஆழம்) + 1.8 × ஆழம் × உயரம்
= 2.91 + 2.16 = 5.07 சதுர மீட்டர்

பெயின்ட் அடித்த இரும்புத் தகடு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 5.5 வாட் கடத்தும். உள்ளே 35 டிகிரி வேண்டும், வெளியே 42 என்றால் 5.5 × 5.07 × 7 = 195 வாட். வெளியே சூடு அதிகம் என்பதால் இது உள்ளே வருகிறது. ஆகவே கூட்ட வேண்டும். 1,100 + 195 = 1,295 வாட். வெளியே 28 டிகிரி மட்டும் இருந்தால் இதே 195 வாட் வெளியேறும். அப்போது கழிக்க வேண்டும்.

படி 4: ஏசிதான் வேண்டுமா?

வெளிக்காற்று எப்போதும் உள்வெப்பநிலையைவிடக் குறைவாகவும் சுத்தமாகவும் இருந்தால் ஃபில்டர் ஃபேனே போதும். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதற்கு 3.1 × வாட் ÷ டிகிரி வித்தியாசம். 600 வாட், 5 டிகிரி என்றால் 372. நம் உதாரணத்தில் வெளியே 42. எத்தனை ஃபேன் வைத்தாலும் உள்ளே 42-க்குக் கீழே இறங்காது. ஏசிதான் வழி.

படி 5: கேட்டலாக்கைப் படிப்பது

எல்35எல்35 என்றால் உள்ளே 35, வெளியே 35 டிகிரியில் கிடைக்கும் குளிர்த்திறன். எல்35எல்50 என்றால் வெளியே 50. எல்35எல்50-க்குத் தரும் குளிர்த்திறன் எப்போதும் குறைவு. அட்டையில் பெரிதாக அச்சிடுவது எல்35எல்35 திறனை. நமக்கு வேண்டியது வெளியே 42-ல் 1,295 வாட். பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 1,430. குளிர்த்திறன் வரைபடத்தில் 42 டிகிரிக் கோட்டில் 1,500 வாட் காட்டும் மாடலை எடுங்கள். மின்சாரம் எடுக்கும் வாட்டையும் குளிர்த்திறன் வாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புக்காக இரண்டு மடங்கு பெரிய ஏசி கொடுப்பதும் தவறு: கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடித் தேயும்.

படி 6: பொருத்துவதில் கெடுவது

டிரைவின் ஃபேன் சூட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. கூரையில் பொருத்திய ஏசி குளிர்காற்றை அதன் தலையில் நேராக ஊதினால் இரண்டும் மோதும். குளிர்காற்று டிரைவைத் தொடாமலே ஏசிக்குத் திரும்பும். ஏசி திரையில் 35, டிரைவில் ஓவர்ஹீட் டிரிப் (சூடேறி நின்றுபோவது) என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. டக்ட் வைத்துக் குளிர்காற்றை டிரைவின் அடிப்பக்கம் கொண்டுபோங்கள்.

அடுத்தது தண்ணீர். எண்ணூர் போன்ற கடலோர இடங்களில் 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதக் காற்று 29 டிகிரிக்குக் குறைவான எந்தப் பரப்பில் பட்டாலும் வியர்க்கும். தெர்மோஸ்டாட்டை 22-ல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் டெர்மினல்கள் நனையும். 35-லேயே விடுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பு) போட்டு அடையுங்கள். கதவு திறந்தால் ஏசி நிற்க லிமிட் சுவிட்ச் வையுங்கள். வடிகுழாய் மடங்காமல் சரிவாக இறங்கட்டும்.

கோவை நூற்பாலை ஆர்டர் என்றால் கன்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் பகுதி) பக்கம் சாதாரண ஃபோம் ஃபில்டர் அனுப்பாதீர்கள். பஞ்சு சீக்கிரமே அதை மூடிவிடும். ஏசிக்குள் அழுத்தம் ஏறி ஹை பிரஷர் டிரிப் ஆகும். துலக்கிச் சுத்தம் செய்யக்கூடிய பஞ்சுத் தடுப்பு வலையைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.