குவாங்கேத்தோ மன்னரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரிய சரித்திரத் தொடர்களைப் பார்த்துவிட்டு, பண்டைய கொரிய நாடான கோகுர்யோவின் மன்னர் குவாங்கேத்தோவைத் தேடிப் படிக்கிறவர்கள் தமிழிலும் இப்போது நிறையப் பேர். ஆசையோடு படிக்க வருகிறவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரே மாதிரியான பிழைகள். அவருடைய கதைக்கு முதல் ஆதாரம் ஒரு கல்வெட்டு. அதன் சில வரிகளை மட்டும் பிய்த்தெடுத்துப் படிப்பதால்தான் இவற்றில் பாதி வருகின்றன.

முதலில் வரைபடம். மஞ்சூரியாவிலிருந்து கொரியத் தீபகற்பத்தின் நடுப்பகுதி வரை ஒரே வண்ணம் பூசி, 'குவாங்கேத்தோவின் பேரரசு' என்று ஒரு படம் எங்கும் சுற்றுகிறது. அந்தப் பரப்பு பெரும்பாலும் அவர் மகன் ஜாங்சு காலத்து எல்லை. தலைநகரைப் பியோங்யாங்குக்கு மாற்றியவர் ஜாங்சு, 427-இல். பெக்ஜே நாட்டின் தலைநகரான ஹான்சோங்கைப் பிடித்து அதன் மன்னரைக் கொன்றவரும் அவர்தான், 475-இல். தந்தை ஆண்டது யாலு ஆற்றங்கரையில், இன்றைய சீனாவின் ஜிலின் மாகாணத்து ஜியான் நகரம் இருக்கும் இடத்திலிருந்து. 'கொரியாவை ஒன்றுபடுத்தியவர்' என்று எழுதுவதும் தவறு. அவர் இறந்தபோது தீபகற்பத்தின் தெற்கே பெக்ஜே, சில்லா, காயா மூன்றும் இருந்தன.

அடுத்தது, ஒரு பதினெட்டு வயது இளைஞன் தனியாளாக ஒரு சிறு நாட்டைத் தூக்கி நிறுத்தினான் என்ற கதை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளை அப்படியே விழுங்கிவிடுகிறது. 342-இல் முரோங் குலத்தின் யான் நாட்டுப் படை கோகுர்யோ தலைநகரைச் சூறையாடி, முந்தைய மன்னரின் கல்லறையைத் தோண்டி உடலையே எடுத்துச் சென்றது. 371-இல் பெக்ஜே படையோடு பியோங்யாங்கில் நடந்த போரில் மன்னர் கோகுக்வோன் உயிரிழந்தார். குவாங்கேத்தோவுக்கு இவர் தாத்தா. அந்த அடிகளுக்குப் பிறகு அரியணை ஏறிய பெரியப்பா சோசுரிம் உடனே போருக்கு ஓடவில்லை. 372-இல் பௌத்தத்தை ஏற்றார், உயர்கல்விக்கூடம் நிறுவினார், மறு ஆண்டு சட்டத் தொகுப்பு வெளியிட்டார். அரசு இயந்திரம் பழுது பார்க்கப்பட்டு, 391-இல் தம்தோக் என்ற இளவரசன் கைக்கு வந்தபோது ஓடத் தயாராக இருந்தது. தம்தோக் அவருடைய இயற்பெயர், குவாங்கேத்தோ என்பது இறந்தபின் சூட்டிய பெயர். உயிரோடு இருந்தபோது யோங்னாக் மாமன்னர் என்று அழைக்கப்பட்டார்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 1145-இல் தொகுக்கப்பட்ட 'சம்குக் சாகி' வரலாற்று நூலின்படி அவர் அரியணை ஏறியது 392. கல்வெட்டின்படி 391. இறந்த ஆண்டும் இதேபோல ஒன்று தள்ளி வருகிறது. நூல் எழுதப்பட்டது ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கல் நட்டதோ இறந்த இரண்டே ஆண்டில். ஆகவே 391 முதல் 412 வரை என்று கொள்வதே சரி. அவர் 39 வயதில் இறந்ததாகக் கல் சொல்வது, பிறந்த உடனேயே ஒன்று என எண்ணும் பழைய முறையில். நம் கணக்கில் 38.

இனி அந்தக் கல்லுக்கே வருவோம். 414-இல் மகன் நட்டது. ஆறு மீட்டருக்கும் மேல் உயரம், நான்கு பக்கமும் எழுத்து, ஏறத்தாழ 1,775 சீன எழுத்துகள். சில இடங்கள் சிதைந்துவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறுபடி கவனத்துக்கு வந்தபோது, மேலே படர்ந்திருந்த பாசியை நெருப்பு வைத்து எரித்ததில் கல் வெடித்தது. மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல், தெளிவாக வரவேண்டும் என்று பிறகு சுண்ணாம்பும் பூசினார்கள்.

இந்தக் கல்லில் மிக அதிகமாகச் சண்டைக்கு இழுக்கப்பட்ட வரி 391-ஐப் பற்றியது. பெக்ஜேயும் சில்லாவும் பழங்காலம் முதலே நமக்குத் திறை செலுத்திய குடிகள் என்று அது தொடங்குகிறது. பிறகு 'வே', அதாவது ஜப்பானியத் தீவுகளின் படையினர், அந்த ஆண்டு முதல் கடல் கடந்து வந்து அவர்களை முறியடித்துக் குடிகளாக்கினர் என்று படிக்கும்படி இருக்கிறது. 1883-இல் ஒரு ஜப்பானிய ராணுவ அதிகாரி இதன் படியை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். தென்கொரியப் பகுதியைப் பண்டைய ஜப்பான் ஆண்டதற்கு இது சாட்சி என்று அங்கே பேசப்பட்டது, கொரியாவை விழுங்கிய காலனி ஆட்சிக்கு அது வசதியாகவும் இருந்தது. 1972-இல் அதற்கு நேர் எதிரான குற்றச்சாட்டு வந்தது: ஜப்பானிய ராணுவமே சுண்ணாம்பு பூசி எழுத்தை மாற்றிவிட்டது என்று. சுண்ணாம்புக்கு முந்தைய மைப்படிகளை ஆராய்ந்தவர்கள் திட்டமிட்ட திருத்தத்துக்குச் சான்று காணவில்லை. சுண்ணாம்பு, படியெடுத்து விற்ற உள்ளூர்க்காரர்களின் வேலை. இன்னமும் 'ஜப்பான் மாற்றியது' என்று முடிந்த முடிவாக எழுதுவது தவறு. 'ஜப்பான் ஆண்டது நிரூபணம்' என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு.

ஏனென்றால் அந்த வரியின் முதல் பாதியைப் பாருங்கள். இருபதே ஆண்டுக்கு முன் கோகுர்யோ மன்னரையே கொன்ற பெக்ஜே, பழங்காலம் முதல் திறை செலுத்திய குடியாம்! இதை அப்படியே யாரும் நம்புவதில்லை. அப்படியிருக்க இரண்டாம் பாதியை மட்டும் எழுத்துக்கு எழுத்து நம்புவானேன்? சோழர் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த நடை புரியும். அடுத்து வரும் 396 படையெடுப்புக்கு நியாயம் கட்டும் வரி இது. எதிரி எவ்வளவு பெரிதோ, வென்றவர் அவ்வளவு பெரியவர். அந்தப் படையெடுப்பில் 58 கோட்டைகளும் 700 ஊர்களும் விழுந்தன என்றும், பெக்ஜே மன்னர் ஆயிரம் ஆட்களையும் ஆயிரம் சுருள் துணியையும் கொடுத்து இனி என்றும் அடிமை என்று சத்தியம் செய்தார் என்றும் கல் சொல்கிறது. மூன்று ஆண்டில் அதே பெக்ஜே வாக்கை மீறி வேயோடு கைகோத்தது என்பதையும் அதே கல்தான் சொல்கிறது.

கல்வெட்டு மட்டும் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. 400-இல் சில்லாவைக் காப்பாற்ற 50,000 காலாட்படையும் குதிரைப்படையும் தெற்கே போனதைக் கல் பெருமையோடு விவரிக்கிறது. சம்குக் சாகியின் கோகுர்யோ பகுதியில் இந்தப் படையெடுப்பே இல்லை. ஆனால் அதே 400-இல் மேற்கே, முரோங் குலத்தின் பிற்கால யான் நாடு இரண்டு கோட்டைகளைப் பிடித்து எழுநூறு லி (பழைய சீன தூர அளவு) நிலத்தைப் பறித்தது என்று அந்த நூல் சொல்கிறது. அந்த இழப்பைக் கல் சொல்லவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான், தெற்கே கிடைத்த வெற்றிக்கு மேற்கே என்ன விலை போனது என்று தெரிகிறது. யானோடு நடந்த அந்த நீண்ட இழுபறி அவருடைய ஆட்சியின் முக்கியமான பகுதி. 405-இல் யான் மன்னர் முரோங் ஷி கோகுர்யோவின் லியாவோதோங் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டை விழப்போகும் நேரம். யாரும் முந்திக்கொண்டு ஏறக்கூடாது, மதிலைத் தரைமட்டமாக்கிய பின் நானும் பட்டத்தரசியும் வாகனத்தில் உள்ளே போவோம் என்று ஆணையிட்டார். அந்த அவகாசத்தில் உள்ளே இருந்தவர்கள் காவலைப் பலப்படுத்திக்கொள்ள, யான் படை வெறுங்கையோடு திரும்பியது. கோகுர்யோவின் வெற்றிகளில் இப்படி எதிரி தந்தவையும் உண்டு.

கல்லறைப் படங்களிலும் ஒரு குழப்பம். ஏழு அடுக்குக் கற்பிரமிடாக அழகாக நிற்கும் ஜாங்குன்சோங்கைப் போட்டு 'குவாங்கேத்தோ சமாதி' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பலரும் ஜாங்சுவோடு சேர்க்கிறார்கள். கல்வெட்டுக்கு மிக அருகில், சரிந்த கற்குவியலாகக் கிடக்கும் தேவாங்நுங்தான் தந்தையுடையது என்ற கருத்துக்கு ஆதரவு அதிகம். விவாதம் முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு, கல்லின் கடைசிப் பகுதியை யாருமே படிக்காமல் விடுவது. முன்னால் வம்சத்தின் தோற்றக் கதை, நடுவில் போர்கள், பிறகு நீண்ட பகுதி முழுக்கக் கல்லறைக் காவல் குடும்பங்களின் பட்டியல். கல் நட்டதன் காரணங்களில் இது முக்கியமானது. பழைய குடிகளையே காவலுக்கு வைத்தால் அவர்கள் நலிந்துபோவார்கள், நான் நேரில் சென்று பிடித்துவந்த மக்களையே அமர்த்துங்கள் என்று மன்னர் சொல்லியிருந்தார். அதன்படி தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட 220 குடும்பங்கள். அவர்களுக்கு முறை தெரியாது என்பதால் பழைய குடிகளில் 110 சேர்த்து, மொத்தம் 330. எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம் என்று ஊர்வாரியாக வெட்டியிருக்கிறார்கள். 396-இல் பிடித்ததாகச் சொல்லும் கோட்டைகளின் பெயர்களில் சில இந்தப் பட்டியலிலும் வருகின்றன. பிடித்த ஊர்களில் எங்கே ஆள் எடுக்கும் அளவுக்குப் பிடி இருந்தது என்று பார்க்க இதைவிட நேரடியான சான்று வேறில்லை. ஊரை இழந்து பிறர் மன்னரின் கல்லறையைக் காத்த அந்தக் குடும்பங்களும் இந்த ஆட்சியின் கதைதான். அவர்களை விற்பவனுக்குத் தண்டனை, வாங்குபவன் எவ்வளவு பெரிய பணக்காரனானாலும் அவனே காவலுக்கு அமர்த்தப்படுவான் என்பதுதான் கல்லின் கடைசி ஆணை.