லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வராதபோது

மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ டெபியனையோ நிறுவியதும் பலருக்கு முதலில் தலைவலி தருவது வைஃபைதான். அக்கம்பக்கத்து இணைப்புகளின் பட்டியலே திரையில் வராதபோது, கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் ஒட்டிப் பார்க்கத் தோன்றும். கோளாறு எங்கே என்று அறியாமல் அப்படிச் செய்தால், நன்றாக இருந்த இயக்கியும் (வன்பொருளை இயங்க வைக்கும் 'டிரைவர்' மென்பொருள்) கெட்டுப்போகும். இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

சரிசெய்வதற்கே இணையம் தேவைப்படும் என்பதால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கொடுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு நேரே 'யெஸ்' இருந்தால், 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்னும் கட்டளை அதை விடுவித்துவிடும். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு நேரே 'யெஸ்' இருந்தால் எந்தக் கட்டளையும் பலிக்காது. மடிக்கணினியின் ஓரத்தில் உள்ள பொத்தானையோ விமானப் படம் போட்ட விசையையோதான் தேட வேண்டும். என் பழைய கணினியில் இயக்கியை மூன்று முறை நீக்கி நிறுவி அரைநாளைத் தொலைத்த பிறகே, பையிலிருந்து எடுக்கும்போது முன்விளிம்புப் பொத்தான் நகர்ந்திருந்ததைக் கண்டேன்.

பூட்டு ஏதுமில்லை என்றால் 'எல்எஸ்பிசிஐ', ஓர் இடைவெளி, சிறுகோடு, 'என்என்கே' என்று தட்டுங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியின் இறுதியில், சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரு எண்கள் இருக்கும். முதலாவது தயாரிப்பாளரைக் காட்டும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். உதவி கேட்கும்போது கணினியின் மாடல் பெயரைவிட இந்த இரண்டு எண்களே பயன்படும், ஏனெனில் ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் வருவதுண்டு. அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால், அட்டையைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்டுவிட்டது, ஆனால் அதற்கு இயக்கி பொருந்தவில்லை என்று பொருள்.

இயக்கி இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் 'சூடோ டிமெசேஜ்' காட்டும் செய்திகளில் 'ஃபர்ம்வேர்' (அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள்) என்ற சொல்லைத் தேடுங்கள் (கட்டளையில் 'மெசேஜ்' என்பதை எம், இ, எஸ், ஜி என நான்கே எழுத்துகளாகச் சுருக்க வேண்டும்). அது ஏற்றப்படவில்லை என்றிருந்தால் உரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் போதும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் கோப்பிலேயே இவை சேர்க்கப்பட்டுவிட்டதால், இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இயக்கியே இல்லாத புதிய ரியல்டெக் அட்டைகளுக்குப் பெரும்பாலும் புதிய கர்னலே மருந்து. எடுத்துக்காட்டாக, ஆர்டிடபிள்யூ89 இயக்கி 5.16 பதிப்பில்தான் கர்னலுக்குள் வந்தது. பிராட்காம்தான் பிடிவாதக்காரர். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' சாளரத்தின் வழியாக அதன் இயக்கியை நிறுவும்போது, செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு வசதி) இயக்கத்தில் இருந்தால் ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். கணினி மறுபடி தொடங்கும்போது நீலத் திரை தோன்றும். அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ பூட்' என்பதை அழுத்திவிட்டால், நிறுவிய இயக்கியைக் கர்னல் ஏற்க மறுக்கும்.

விண்டோஸும் உடன் இருக்கும் கணினியில், விண்டோஸை அணைத்துவிட்டு வந்தால் வைஃபை இல்லை, 'ரீஸ்டார்ட்' கொடுத்து வந்தால் இருக்கிறது என்றால், லினக்ஸில் கை வைக்காதீர்கள். விண்டோஸின் பவர் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' (விரைவாகத் தொடங்குவதற்காகக் கணினியை முழுதாக அணைக்காமல் விடும் வசதி) என்பதை நிறுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.