புதுச்சேரி வீதிகளில் வழிகாட்டியோடு ஒரு காலை: பழைய வீடுகளைப் பார்க்கப் பழகுவது எப்படி?

புதுச்சேரிக்குப் போய்வந்த எல்லோருடைய போனிலும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் வீடு எப்படி இருக்கிறது, பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டினால் வீட்டின் முகமே ஏன் மாறிவிடுகிறது என்று கேட்டால்தான் பதில் வராது. நல்ல வழிகாட்டியோடு ஒரு காலை நடந்தால் இது பிடிபட்டுவிடும். கட்டடக்கலை எதுவும் படித்திருக்கத் தேவையில்லை.

படி 1: எந்த நடை என்று முடிவு செய்யுங்கள்

பதிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது: "தமிழர் பகுதிக்கும் கூட்டிப்போவீர்களா?" கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியோடு முடிந்துவிடும் நடைகளும் உண்டு. அது பாதிச் சாப்பாட்டில் எழுந்து வருவது மாதிரி. பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலையில் இங்கே பல காலமாக இருக்கும் இன்டாக் அமைப்பிடம் விசாரித்துத் தொடங்கலாம். தமிழில் பேசும் வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசி, "உள்ளே வந்து பாருங்க" என்று சொல்ல வைப்பவர் அவர்தான். கூட்டம் பத்துப் பேரைத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் காதில் விழாது.

படி 2: நேரம்

காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். சூரியன் கடல் பக்கமிருந்து வருவதால் வடக்கு தெற்காக ஓடும் வீதிகளில் கிழக்குப் பார்த்த முகப்புகள் அப்போது நன்றாகத் தெரியும். வெயிலும் வண்டிகளும் இன்னும் ஏறியிருக்காது. ஜனவரி, பிப்ரவரி சுகமான மாதங்கள். தொப்பி, தண்ணீர், சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, அவ்வளவு போதும்.

படி 3: நடப்பதற்கு முன் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள்

கட்டம் போட்ட நோட்டுத்தாள் போல நேர்கோட்டில் வீதிகள் வெட்டிக்கொள்ளும். இது பிரெஞ்சுக்காரர்கள் கைவண்ணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுத்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் இது. அப்புறம் 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் பிரெஞ்சுப் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே வீதிகளின் மேல் மறுபடி கட்டினார்கள். அதனால் நீங்கள் பார்க்கப்போகும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை.

படி 4: பிரெஞ்சுப் பகுதியில் சுவரைப் பாருங்கள்

இங்கே வீடு தெருவோடு பேசாது. உயரமான மதில், நடுவில் பெரிய வாசற்கதவு, இரண்டு பக்கமும் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் தூண்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே தோட்டம், அதைப் பார்த்தபடி வளைவுகளுடன் ஒரு வராந்தா. ஜன்னல்களில் காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் மரச்சட்டக் கதவுகள். வண்ணத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது: சாம்பல் நிறத்தில் வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடம்.

துய்மா வீதிப் பக்கம் 1855இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது, ஊர்க்காரர்களுக்கு அது கப்ஸ் கோயில். உள்ளே போனால் சுவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும். சிமெண்டில் இந்த மினுமினுப்பு வரவே வராது.

கடற்கரைச் சாலையில் பழைய மேரி (பிரெஞ்சுக்கால நகராட்சி) கட்டடத்தின் இடத்தில் நிற்பது புதிதாகக் கட்டியது. பழையது 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பராமரிப்பு இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கட்டடத்துக்கு மழை என்ன செய்யும் என்று வழிகாட்டியிடம் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

படி 5: வாய்க்காலைத் தாண்டுங்கள்

நடையின் சாரம் இங்கேதான். வைசியாள் வீதியில் நின்று ஒரு முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில் தெருவோரமாகவே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சரிவு. அதுதான் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வீட்டுக்காரர் கொடுத்த இடம். அதற்கடுத்து திண்ணை. பிறகு செதுக்கு வேலைப்பாட்டோடு கதவு. திறந்திருந்தால் பார்வை நேராக முற்றம் வரை போகும். இப்போது தலையைத் தூக்குங்கள். மாடியில் திண்ணையும் இல்லை, மரத்தூணும் இல்லை. வளைவு ஜன்னல், சுதைத் தூண், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு வீடு. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று ஒரே வீட்டில் இரண்டும் குடியிருக்கின்றன. வரிசையாக இப்படி முகப்புகளைச் சீரமைத்ததற்காக இந்த வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது.

இந்தக் கலவைக்கு மூத்த உதாரணம் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, 1738இல் கட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும். நடைக்குப் பதியும்போதே கேட்டுவையுங்கள்.

படி 6: ஒரு வீட்டுக்குள்ளாவது கூரையைப் பாருங்கள்

தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கீழிருந்து பார்த்தால் உத்திரங்களுக்கு இடையே செங்கல் சாய்வாக ஓடுவது தெரியும்.

தனியார் வீட்டுக்குள் போக வாய்ப்பு அமையாவிட்டால் கவலை வேண்டாம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் நினைவகங்களாக இருக்கின்றன. பழைய வீட்டின் உள்ளமைப்பை அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

படி 7: கேளுங்கள், ஆனால் தொல்லை கொடுக்காதீர்கள்

வழிகாட்டி கதை சொல்வார், சொல்லட்டும். "இது ஆவணத்தில் இருக்கிறதா, ஊரில் சொல்வதா?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயி மண்டபம் நல்ல உதாரணம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை செவிவழி வந்தது. மண்டபமோ மூன்றாம் நெப்போலியன் காலத்தில், ஊருக்குத் தண்ணீர் வந்ததை ஒட்டி எழுப்பியது.

திண்ணையில் உட்காருமுன் கேளுங்கள். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், கோலம் போடுகிறவரை போட்டோ எடுப்பதற்கும் அவர் அனுமதி வேண்டும்.

மாலையில் நேரம் இருந்தால் காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் நீங்களே தனியாக நடந்து பாருங்கள். இஸ்லாமியர் வாழும் தெருக்கள், சுற்றுலாக் கூட்டம் குறைவு. காலையில் பார்த்த வரிசையிலேயே தாழ்வாரம், திண்ணை, கதவு, மாடி என்று ஒவ்வொரு முகப்பாகப் பார்த்து, எது இருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.