சாவியை வாங்கி வைத்துவிட்டீர்கள், அப்பா இனி எப்படி வெளியே போவார்?

என் அப்பா 44 ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவர். எதிர் வண்டியின் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசி இரண்டு முறை தடுமாறிய பிறகு, 76 வயதில் அவராகவே சாவியை என் கையில் கொடுத்தார். "எங்கே போக வேண்டுமானாலும் சொல்லுங்கள் அப்பா, கூட்டிப்போகிறேன்" என்றேன். மூன்று மாதம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் யாரிடமும் கேட்காமல் கிளம்பியவருக்கு, வாய்திறந்து கேட்பதே பெரிய கூச்சம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவர் தனியாகக் கிளம்பிப்போய்த் திரும்ப என்னென்ன செய்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் சென்னை அசோக் நகரில் இருப்பதால் விவரங்கள் சென்னைக்குரியவை. வேறு ஊரில் இருப்பவர்கள் உங்கள் ஊர் பஸ்ஸையும் ஆட்டோவையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: போன இடங்களை எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். வண்டி இருந்தபோது ஒரு மாதத்தில் எங்கெல்லாம் போனார், எந்த நேரத்தில், யாரைப் பார்க்க என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வங்கி, மருந்துக்கடை, மருத்துவமனை ஆகியவை நமக்கே தெரியும். நமக்கு வீண் அலைச்சலாகத் தெரிந்த பயணங்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பட்டியலில் "புதன் மாலை, அண்ணா நகர் டவர் பூங்கா" என்று ஒரு வரி வந்தது. பழைய அலுவலக நண்பர்கள் அங்கே கூடுகிறார்களாம். அத்தனை ஆண்டுகளாக எனக்கு அது தெரியவே தெரியாது. முதலில் மீட்க வேண்டிய பயணம் அதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

படி 2: அலைச்சலை மட்டும் குறையுங்கள்

ஓய்வூதியருக்கான உயிர்வாழ் சான்றிதழை இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யலாம். தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தும் முடிக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகின்றன. ஆனால் காய்கறி, பால், நாளிதழ் என எல்லாவற்றையும் வீட்டுக்கே வரவழைத்துவிடாதீர்கள். அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கத் தெருமுனை வரை நடப்பது அவர் உடம்புக்கும் பேச்சுத்துணைக்கும் தேவை.

படி 3: நடையைச் சோதியுங்கள், வழியை நடந்து பாருங்கள்

நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமான வேகமே போதும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கைத்தடி வேண்டுமா, கால் தசைக்குப் பயிற்சி வேண்டுமா என்று அவர் சொல்வார்.

பிறகு பஸ் நிறுத்தம் வரை அவரோடு, அவர் வேகத்தில் நடங்கள். நாம் தாண்டிப்போகும் உடைந்த நடைபாதைக் கல்லும் மூடாத பள்ளமும் அப்போதுதான் கண்ணில் படும். நடுவில் உட்கார ஒரு திண்ணையோ கடை வாசலோ எங்கே, கழிப்பறை எங்கே என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அவசரத்துக்குப் பயந்தே பல பெரியவர்கள் வீட்டோடு முடங்குகிறார்கள், அதை நம்மிடம் சொல்வதும் இல்லை.

படி 4: பஸ்

சென்னையில் வசிக்கும் 60 வயது நிரம்பியவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் தருகிறது. ஆறு மாதத்துக்கானதை ஒரேயடியாக வாங்கிக்கொள்ளலாம். குடும்ப அட்டை, வயதுச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றோடு அவரையே பணிமனைக்கு அழைத்துப்போங்கள். அம்மாவுக்கு இன்னும் எளிது: சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

படிக்கட்டின் உயரம்தான் பெரிய தடை. 2024 ஆகஸ்டில் இருந்து ஓடும் தாழ்தளப் பஸ்களில் அந்தச் சிரமம் குறைவு, நிறுத்தத்தில் பஸ் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தும் கொடுக்கும். உங்கள் வழித்தடத்தில் அவை எப்போது வருகின்றன என்று இரண்டு நாள் நின்று பார்த்து எழுதிவையுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு, மாலை நான்கு மணிக்குள் கூட்டம் குறைவாக இருக்கும். இறங்கும் இடம் வந்தாலும் பஸ் முழுதாக நின்ற பிறகே எழ வேண்டும் என்பதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

படி 5: மெட்ரோ

அசோக் நகரில் ஏறினால் வடபழனி, அரும்பாக்கம், கோயம்பேடு வழியாக அண்ணா நகர் டவர் வரை ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. நிலையத்தில் லிப்ட் சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே பாருங்கள். தெரியாமல் எதிர்ப்பக்கம் போய்விட்டால், போக்குவரத்து நடுவே சாலையைக் கடக்க நேரும். டிக்கெட் வரிசையில் நிற்காமல் இருக்க 'சிங்காரச் சென்னை' அட்டை வாங்கிக்கொடுங்கள். 2025 ஜனவரியில் இருந்து அது மாநகர பஸ்களிலும் செல்லும்.

முதல் வாரம் நான் வழிகாட்டினேன். இரண்டாம் வாரம் அவர் வழிகாட்ட நான் பின்னால் போனேன். மூன்றாம் வாரம் அதே ரயிலில் அடுத்த பெட்டியில் உட்கார்ந்தேன். அட்டையை வைக்கும் வாயிலில் ஒருமுறை திணறினார். உதவ ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. பின்னால் வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி காட்டிக்கொடுத்தாள். நான்காம் வாரம் தனியாகவே போனார்.

படி 6: ஆட்டோ பணம்

பெட்ரோல், பழுது, காப்பீடு என்று வண்டிக்கு ஓர் ஆண்டில் ஆன செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அந்தத் தொகையை மாதம் பிறந்ததும் ஒரு தனி உறையில் போட்டு அவர் அலமாரியில் வையுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். இதைச் செய்யும் வரை "ஆட்டோவுக்கு நூறு ரூபாயா?" என்று அப்பா வீட்டிலேயே இருந்துவிடுவார். தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் பழகிய இருவரின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். செயலியில் நீங்கள் பதிவு செய்து கொடுப்பதானால், வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஓட்டுநரிடம் சொல்ல வேண்டிய எண்ணையும் தாளில் எழுதிக்கொடுங்கள்.

படி 7: அவசரத்துக்கு

சட்டைப்பையில் ஒரு சீட்டு: பெயர், வீட்டுத் தொலைபேசி எண், சாப்பிடும் மாத்திரைகள். முதியோர் உதவி எண் 14567-ஐயும் அதில் எழுதுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று கைப்பேசியில் பார்க்க விரும்பினால் முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். அப்பா வேண்டாம் என்றார். போய்ச் சேர்ந்ததும் ஒரு அழைப்பு, கிளம்பும்போது ஒரு அழைப்பு என்று பேசிக்கொண்டோம்.

அக்டோபரில் மழை பிடித்ததும் நோட்டை மறுபடி எடுங்கள். தேங்கிய தண்ணீரில் பள்ளம் தெரியாது என்பதால் மழை நாட்களில் நடை வேண்டாம், வாசலில் இருந்தே ஆட்டோ. அந்த மூன்று மாதத்துக்கு உறையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.