ஸ்க்ரூ ஸ்பேனர் பிடிக்கப் பழகுவோம்: ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது எப்படி?

குளச்சலில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். உப்புக்காற்று, அதற்கு மேல் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மோட்டார் போல்ட்டு, கேட் கீல், தொட்டி கிளாம்பு எல்லாம் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதனால் இங்கே பல வீடுகளில், நட்டின் அளவுக்கு வாயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர் கிடக்கும். ஆனால் அதைத் தளர்வாகப் பிடித்துத் திருகி, குழாய் நட்டின் ஆறு முனையையும் மழுங்கடித்துவிடுகிறோம். என் கையால் இரண்டு பித்தளைக் குழாய்கள் அப்படிப் போயின. அப்புறம்தான் முறையாகக் கற்றுக்கொண்டேன்.

முதன்முதலாக வாங்குபவர்கள் எட்டு இஞ்ச் வாங்குங்கள். வாய் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் வரை விரியும். வீட்டு வேலை பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் வைத்திருப்பவர்களுக்குப் பத்து இஞ்ச் தோதாக இருக்கும். வாயை விரிக்கவும் சுருக்கவும் கட்டைவிரலால் உருட்டும் மரைச் சுருளைக் கடையிலேயே உருட்டிப் பாருங்கள். நகரும் தாடை லொடலொடவென்று ஆடினால் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, அப்படியே திறந்தபடி விடுங்கள். சிங்க் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துக்கொள்ளுங்கள், சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் கிடைக்காது. கைப்பிடியின் மேல் மூடியை எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, கைப்பிடியை உருவுங்கள். கீழே ஒரு பெரிய நட்டு தெரியும்.

இனி ஸ்பேனர். நட்டு மேல் ஒரு துணியைச் சுற்றினால் பளபளப்பில் கீறல் விழாது. வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து, நட்டு வாயின் அடி வரை போய் முட்டும்படி ஸ்பேனரை நுழைத்து வையுங்கள். நுனியால் கவ்வக் கூடாது. கட்டைவிரலால் சுருளை உருட்டி இறுக்குங்கள். இப்போது ஸ்பேனரை லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கும். மறுபடி உருட்டுங்கள். அசைவே இல்லாத வரை இதைச் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது உருட்டலைத்தான்.

அடுத்தது திசை. நீங்கள் எந்தப் பக்கம் இழுக்கிறீர்களோ, நகரும் தாடை அந்தப் பக்கம் இருக்க வேண்டும். நிலைத் தாடையும் கைப்பிடியும் ஒரே இரும்பு, கூடுதல் பாரத்தை அது தாங்கும். நகரும் தாடை அந்தச் சின்னச் சுருளை நம்பித்தான் நிற்கிறது. கழற்ற இடப்பக்கம் திருகுவோம், மாட்ட வலப்பக்கம். ஆகவே மாட்டும்போது ஸ்பேனரையும் புரட்டிப் போட வேண்டும். தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள், வழுக்கினால் விரல் முட்டி சுவரில் போய் இடிக்காது. அசையவில்லை என்றால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பிடியில் பைப்பைச் செருகி நீட்டவோ, சுத்தியலால் தட்டவோ கூடாது.

நட்டு கழன்றதும் தண்டு மேலே வரும். அதன் அடியில் ரப்பர் வாஷர், நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்து கிடக்கும். ஒழுக்குக்குக் காரணம் அதுதான். அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது தண்டு பாதி திறந்த நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் புது வாஷர் நசுங்கும். நட்டை முதலில் கையாலேயே மரை பிடிக்கும் வரை திருகிவிட்டு, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர்.

இந்தக் கருவிக்கு நம் ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லும் பெயர் சும்மா வந்ததில்லை, தாடையை நகர்த்துவதே அந்த ஸ்க்ரூச் சுருள்தான். 1842-இல் இங்கிலாந்துப் பொறியாளர் ரிச்சர்ட் கிளைபர்ன் இதைச் செய்ததாகச் சொல்வார்கள். நாம் இன்று பிடிக்கும் வடிவம் சுவீடனின் என்ஷாப்பிங் ஊரில் பட்டறை வைத்திருந்த யோஹான் பெட்டர் யோஹான்சன் 1890-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றது. அன்றைக்கு நட்டுகளுக்குப் பொது அளவு கிடையாது, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு ஸ்பேனர் சுமக்க வேண்டும். அந்தச் சுமையை இறக்கத்தான் இதைச் செய்தார். ஸ்பெயினில் இதை 'ஆங்கிலேயச் சாவி' என்றும், டென்மார்க்கில் 'சுவீடன் சாவி' என்றும் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் 1907-இல் தொடங்கிய கிரசென்ட் கம்பெனியின் பெயரே கருவிக்கு ஒட்டிக்கொண்டது.

உருண்டையான பைப்பைத் திருக இது ஆகாது, அதற்குப் பைப் ரிஞ்ச் வேண்டும். போல்ட்டு ரொம்ப இறுகியிருந்து சரியான அளவு ஸ்பேனர் கையில் இருந்தால், அதையே எடுங்கள்.

வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, சுருளிலும் தாடை ஓடும் பள்ளத்திலும் இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். நான் எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைக்கிறேன். கடலைப் பார்த்த திண்ணையில் வைத்திருந்தபோது சுருள் கட்டைவிரலுக்கு அசையாமல் இறுகிவிடும்.