கைபேசியில் மாற்று இயங்குதளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் நண்பர் ஒருவர், தாமே நிறுவிய புதிய இயங்குதளத்தைக் காட்டுவதற்காகத் தம் கைபேசியோடு வந்திருந்தார். இரண்டு இரவுகள் கண்விழித்து, தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருளை முழுவதும் நீக்கிவிட்டு, கூகுள் சேவைகள் எதுவும் இல்லாத லினியேஜ் ஓ.எஸ்.-ஐ ஏற்றியிருந்தார். கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கியபோது, முதல் திரையில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை ஒன்று சில விநாடிகள் நின்று மறைந்தது. "அது ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வருவதுதான்" என்றார். சில ஆண்டுகளுக்கு முன் அதே திரையைப் பார்த்து அதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால், உடனே எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மின்கலம் நிரம்பாமல் வேலையைத் தொடங்குவது, வேறொரு மாடலுக்கான கோப்பை இறக்குவது போன்ற தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை முதல் முயற்சியிலேயே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் நன்றாக நடப்பதுபோல் தோன்றிக்கொண்டே மாதக்கணக்கில் மறைந்திருக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தனியுரிமையும் பாதுகாப்பும் ஒன்றே என்று எண்ணுவது

கைபேசியிலிருந்து எந்தத் தகவல் யாருக்குப் போகிறது என்பது தனியுரிமை. கைபேசிக்குள் யாரால் நுழைய முடியும் என்பது பாதுகாப்பு. கூகுள் சேவைகளை நீக்கினால் முதலாவது மேம்படும். இரண்டாவது அதனால் தானாக மேம்படுவதில்லை, சில நேரங்களில் குறையவும் செய்யும். கூகுள் சேவைகளுக்கு மாற்றாகப் பலர் வைத்துக்கொள்ளும் மைக்ரோஜி சரியாக வேலை செய்ய, அது வேறொரு செயலியின் மின்னணுக் கையொப்பத்தைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்ள இயங்குதளம் இடம் தர வேண்டும். கிராஃபீன் ஓ.எஸ். என்ற இன்னொரு மாற்று இயங்குதளம் வேறு வழியில் போகிறது: கூகுள் பிளே வேண்டுவோர் அதைச் சிறப்பு அதிகாரம் எதுவுமற்ற சாதாரணச் செயலியாக, மற்ற செயலிகளுக்குள்ள அதே வேலிக்குள் நிறுவிக்கொள்ளலாம். இவற்றில் எது உங்களுக்கு ஏற்றது என்பது நீங்கள் யாருக்கு அஞ்சுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்யாமலேயே பலரும் கேபிளைச் செருகிவிடுகிறார்கள்.

கைபேசியை வாங்கிவிட்டு மென்பொருளைத் தேடுவது

கைபேசியை இயக்கியதும் இயங்குதளத்தை ஏற்றிவைக்கும் சிறு நிரல்தான் பூட்லோடர்; அதன் பூட்டைத் திறந்தால்தான் வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியும். அதைத் திறக்கவிடுவதா இல்லையா என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஹுவாவே 2018-இல் அதற்கான குறியீடு வழங்குவதையே நிறுத்திவிட்டது. ஷியோமி கைபேசிகளில் கணக்கு ஒன்றைப் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பல மாடல்களில் 168 மணி நேரம், அதாவது முழுதாக ஏழு நாட்கள். சாம்சங் கைபேசியில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு அமைப்பின் அடையாளமாகச் சிப்பில் உள்ள மின்னுருகி எரிந்துவிடும். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும் அது மீளாது.

பழைய கைபேசியைக் கைமாற்றி வாங்குவோர், பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குப் போய், பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் விருப்பங்கள் திறக்கும். இணையத் தொடர்போடு அதற்குள் போய், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் "ஓ.இ.எம். அன்லாக்கிங்" என்ற வரி இயங்குகிறதா, சாம்பல் நிறத்தில் முடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக விற்கப்பட்ட கைபேசிகள் சிலவற்றில் அது நிரந்தரமாக முடங்கியிருக்கும். பெட்டியின்மேல் உள்ள மாடல் பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பூட்லோடரைத் திறந்தே விட்டுவிடுவது

இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு இதுதான். என்னிடம் உதவி கேட்டு வருவோரில் பெரும்பாலோர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

கைபேசியை இயக்கும் நொடியில் ஒரு சங்கிலி தொடங்குகிறது. சிப்புக்குள் பதிக்கப்பட்ட மின்னணுச் சாவியைக் கொண்டு பூட்லோடர் சரிபார்க்கப்படுகிறது. பூட்லோடர் அடுத்து வரும் இயங்குதளத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அதன் பிறகு அமைப்புக் கோப்புகள் படிக்கப்படும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சரிபார்க்கப்படுகின்றன. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-இல் அறிமுகமாகி, 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் கண்டிப்பாக்கப்பட்ட ஏற்பாடு இது. சங்கிலியின் நிலையை நிறங்கள் சொல்லும். தயாரிப்பாளரின் மென்பொருளோடு பூட்டியிருந்தால் பச்சை; உரிமையாளர் பதித்த சாவியோடு பூட்டியிருந்தால் மஞ்சள்; திறந்திருந்தால் ஆரஞ்சு; சரிபார்ப்பு தோற்றால் சிவப்பு. ஆரஞ்சு என்றால் சங்கிலி பூட்லோடரோடு அறுந்துவிட்டது, அதற்கு மேல் என்ன இயங்கினாலும் கேட்பாரில்லை என்று பொருள்.

இதைச் சொன்னதும் வழக்கமாக வரும் பதில், "தரவுகள்தாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கின்றனவே" என்பது. உண்மைதான்; திருடன் உங்கள் படங்களை அப்படியே எடுத்துப் படித்துவிட முடியாது. ஆனால் அவன் படிக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் கைபேசி பத்து நிமிடம் அவன் கையில் இருந்தால் போதும். கேபிளைச் செருகி, தான் திருத்திய தொடக்கக் கோப்பை ஏற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவான். நீங்கள் வந்து இயக்குகிறீர்கள், தினமும் வரும் அதே ஆரஞ்சுத் திரை வருகிறது, தினமும் செய்வதுபோல் அதைக் கடந்து திரைப்பூட்டு எண்ணைத் தட்டுகிறீர்கள். குறியாக்கத்தின் கதவை நீங்களே திறந்துவிட்டீர்கள். பூட்லோடரைத் திறக்கும்போது தரவு முழுவதும் அழிய வேண்டும் என்ற விதி வைக்கப்பட்டதே இப்படிப்பட்டவனைத் தடுப்பதற்காகத்தான். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கைபேசியில் அந்த விதிக்கு வேலை இல்லை. வலை வழியாக நுழையும் தீநிரலுக்கும் இது பொருந்தும். அமைப்புக் கோப்புகளை அது மாற்றிவிட்டால், பூட்டிய கைபேசி அடுத்த முறை இயங்க மறுக்கும். திறந்த கைபேசி அதையும் சேர்த்துக்கொண்டு இயங்கும்.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, செயல்முறைக் குறிப்புகளை எழுதுவோர் இருபது படிகளைப் படத்தோடு விளக்கிவிட்டு, இறுதியில் "எச்சரிக்கை வரும், பொருட்படுத்த வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான். தனியுரிமை தேடி வந்தவருக்கு, கைபேசி வாங்கிய அன்று இருந்த பாதுகாப்பைக்கூட இல்லாமல் செய்துவிட்டு, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்தவுடன் எழுந்துபோய்ப் பூட்டிவிடாதீர்கள். நான் செய்தது அதைத்தான். தன்னார்வலர் ஒருவர் உருவாக்கிய மாற்று இயங்குதளத்தை (கஸ்டம் ரோம்) பல மாதங்களாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த நான், பூட்லோடர் திறந்திருப்பதன் ஆபத்தை ஒருநாள் புரிந்துகொண்டு, அன்று இரவே அதைச் சரிசெய்யத் துணிந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது என்ற நினைப்பில், முதலில் ஓ.இ.எம். அன்லாக்கிங் விருப்பத்தை அணைத்தேன்; பிறகு கணினியிலிருந்து பூட்டும் கட்டளையைக் கொடுத்தேன். தரவு அழிந்தது, கைபேசி மீண்டும் இயங்கத் தொடங்கியது, கருப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றின: இந்தச் சாதனம் பழுதடைந்துள்ளது, இயங்காது. மீண்டும் திறக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திறப்பதற்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அந்த அனுமதியை ஐந்து நிமிடங்களுக்கு முன் அணைத்தவன் நான்தான். அதை மீண்டும் தருவதற்கு அமைப்புகளுக்குள் போக வேண்டும், அமைப்புகளுக்குள் போகக் கைபேசி இயங்க வேண்டும். சிப்பின் அவசர நிலை வழியாக மீட்க முயன்றபோது, தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கணக்கு வேண்டும் என்றது. பழுது பார்க்கும் இடத்தில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் கேட்ட தொகையில் இன்னொரு கைபேசியே வாங்கிவிடலாம்.

நடந்தது என்னவென்றால், அந்தக் கைபேசியின் பூட்லோடர் தயாரிப்பாளரின் சாவியைத் தவிர வேறெதையும் ஏற்காதது. ரோமை உருவாக்கியவர் தம் சாவியால் கையொப்பமிட்டிருந்தார். பூட்டியவுடன் பூட்லோடர் தன் கடமையைச் செய்தது. கூகுளின் பிக்சல் கைபேசிகளிலும், வேறு சில மாடல்களிலும் மட்டும் உரிமையாளர் தாம் விரும்பும் சாவியைப் பதித்துவிட்டுப் பூட்ட முடியும், கிராஃபீன் ஓ.எஸ். பல ஆண்டுகளாகப் பிக்சலை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டின் மூல நிரலோடு சோதனைக்கான சாவிகளும் சேர்ந்தே வருகின்றன. அவை ரகசியமானவை அல்ல, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சோம்பலாலோ அறியாமையாலோ அந்தச் சாவிகளாலேயே கையொப்பமிட்டு ரோம்களை வெளியிடுவோர் உண்டு. பில்டு எண்ணின் வரியில் "டெஸ்ட்-கீஸ்" என்று இருந்தால் அந்த ரோமை அன்றாடக் கைபேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பூட்டுவதற்கு இடமுள்ள கைபேசியில் வரிசை இதுதான். இயங்குதளத்தை நிறுவி, அதன் சாவியைப் பதித்து, பூட்டும் கட்டளையைக் கொடுங்கள். பூட்டிய நிலையில் கைபேசி இயங்குகிறதா என்று பார்த்து, மஞ்சள் திரையில் தெரியும் சாவியின் அடையாளத்தை அந்த இயங்குதளத்தார் வெளியிட்டிருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகே ஓ.இ.எம். அன்லாக்கிங்கை அணையுங்கள். அது அணைக்கப்படாத வரை, பூட்டிய கைபேசி இயங்காவிட்டாலும் மீண்டும் திறந்து சரிசெய்ய வழி இருக்கும். அந்த ஒரு படியை முன்னால் செய்ததற்காகத்தான் என் கைபேசி இன்றும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

திருத்தத் தேதியை மட்டும் பார்ப்பது

ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையில் இரண்டு நிலைகள் உண்டு. திருத்தத் தேதி 01 என்று முடிவது ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கான திருத்தங்களைக் குறிக்கும். 05 என்று முடிவது அவற்றோடு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையும் சிப் தயாரிப்பாளர்களின் பகுதிகளையும் சேர்த்துக்கொள்ளும். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கைபேசியில் புதிய ரோமை ஏற்றினால் முதல் பகுதி புதிதாகிவிடும். மோடம், வைஃபை, சிப் ஆகியவற்றுக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் கைவிடப்பட்ட நாளிலேயே நிற்கும். ரோம் உருவாக்குவோர் நினைத்தாலும் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் அதன் நிரலும் அவர்களிடம் இல்லை, கையொப்பமிடும் சாவியும் இல்லை. லினியேஜ் ஓ.எஸ். தயாரிப்பாளரின் திருத்தத் தேதியைத் தனி வரியாகவே காட்டுகிறது. அதைப் பார்க்காமல் மேலே உள்ள தேதியை மட்டும் பார்த்து மகிழ்பவர்கள்தான் அதிகம். பிக்சல் 8 முதலான மாடல்களுக்கு ஏழு ஆண்டுகளும், பிக்சல் 6, 7 வரிசைகளுக்கு ஐந்து ஆண்டுகளும் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. வாங்கும் நாளிலிருந்து கணக்கிடாமல், மாடல் வெளிவந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள்.

ரூட் செய்வது (செயலிகளுக்கு முழு நிர்வாக அதிகாரம் கொடுப்பது)

வேண்டாம்.

படங்களைக் காப்பாற்றிவிட்டுச் சாவிகளை இழப்பது

உறவினர் ஒருவர் பூட்லோடரைத் திறப்பதற்கு முன், பதினோராயிரம் படங்களைப் பொறுமையாகக் கணினிக்கு மாற்றினார். இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்களைத் தரும் செயலியை மட்டும் மறந்துவிட்டார். கணக்குகளை மீட்பதற்கான அவசரக் குறியீடுகள் எங்கே என்று கேட்டேன். அவற்றை அதே கைபேசியின் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி வைத்திருந்தாராம். மின்னஞ்சலை மீட்கவே அவருக்கு மூன்று வாரங்கள் ஆயின.

சிக்னல் செயலியின் காப்பு நகலைக் கைபேசிக்கு வெளியே எடுத்து வைப்பவர்கள், அதைத் திறக்கும் குறியீட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் நகலால் பயனில்லை. இன்னொன்று: பூட்லோடரைத் திறக்கும்போது ஒருமுறை, பூட்டும்போது இன்னொரு முறை என்று தரவு இரண்டு தடவை அழிகிறது. இடையில் ஆசைப்பட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றாதீர்கள்.

கேபிளைச் சந்தேகிக்காமல் இருப்பது

பாதியில் நின்றுபோகும் நிறுவல்களில் பெரும்பாலானவை பழைய கேபிளாலும் யூ.எஸ்.பி. ஹப்பாலும் நின்றவை.

முந்தைய பதிப்புக்கு இறங்குவது

புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்று பழையதை ஏற்ற முயல்வோர், பின்செல்வதைத் தடுக்கும் எண் ஒன்று சிப்பில் பதிந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 புரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடரின் அந்த எண் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு ஆண்ட்ராய்டு 12-இன் பூட்லோடர் அவற்றில் ஏறாது. சில தயாரிப்பாளர்களின் மாடல்களில் இந்த முயற்சி கைபேசியையே கொன்றுவிடும்.

வங்கிச் செயலியைக் கடைசியில் சோதிப்பது

வங்கிச் செயலிகள் பல, கைபேசியை நம்பலாமா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையைக் கேட்கின்றன. சேஃப்டிநெட் என்ற பழைய சேவைக்குப் பதிலாக வந்துள்ள அது, கைபேசியில் இருப்பது கூகுளின் சான்று பெற்ற இயங்குதளமா என்று பார்க்கிறது. முறைப்படி பூட்டப்பட்ட கிராஃபீன் ஓ.எஸ்.கூட அந்தச் சான்றுக்குள் வராது. அதே நேரத்தில், பல ஆண்டுகளாகத் திருத்தமே பெறாத, தயாரிப்பாளரின் மென்பொருளோடு பூட்டிய கைபேசி அதன் அடிப்படை நிலைகளில் எளிதாகத் தேறிவிடும். இதன் நியாயத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு என்றாலும், வாடகை கட்ட வேண்டிய நாளில் அந்தக் கருத்து உதவாது. உங்கள் வங்கிச் செயலி இயங்குகிறதா என்பதை முதல் நாளே சோதியுங்கள். ஒரு மாதமாவது பழைய கைபேசியை விற்காமல் வைத்திருங்கள்.

திரும்பிப் போவதைத் தோல்வியாக நினைப்பது

ஆரஞ்சுத் திரை நண்பரின் கைபேசியை அன்று மாலை இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். என்னுடைய பழைய கைபேசியைப் போலவே அதுவும் தயாரிப்பாளரின் சாவியை மட்டுமே ஏற்பது. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளரின் திருத்தங்கள் வரவிருந்ததால், பழைய மென்பொருளையே மீண்டும் ஏற்றிப் பூட்டிவிடலாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். அவர் மாடலுக்கு உரிய, அதே வட்டாரத்துக்கான முழுக் கோப்பை இறக்கி, எல்லாப் பகுதிகளையும் ஏற்றி, திறந்த நிலையில் ஒருமுறை இயங்கவிட்டுப் பார்த்த பிறகு பூட்டினோம். ஒரு பகுதி ரோமுடையதாகவும் மற்றவை தயாரிப்பாளருடையவையாகவும் இருக்கும்போது பூட்டினால், என் இழுப்பறையில் கிடப்பதற்குத் துணை ஒன்று சேர்ந்திருக்கும். பிக்சலில் இதைச் செய்வோர், முன்பு பதித்த சாவியையும் நீக்கிவிட்டே பூட்ட வேண்டும்.