ஸ்ட்ரெங்த் இருக்கு, குவாலிட்டி பூஜ்யம்: டிஷ் பொருத்திய அனுபவம்

மதுரையில் மொட்டை மாடியில் டி.டி. ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை) பொருத்தியபோது, டி.வி. திரையில் சிக்னல் ஸ்ட்ரெங்த் (வலு) நன்றாகவே ஏறியது, குவாலிட்டி (தரம்) மட்டும் பூஜ்யத்தில் நின்றது. எல்.என்.பி.க்கு (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) கரண்ட் போகிறது, கேபிள் சரி என்பதற்கு மேல் ஸ்ட்ரெங்த் எதையும் சொல்லாது. நம்ப வேண்டியது குவாலிட்டியை.

கோளாறு கம்பத்தில். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சாய்ந்திருந்தது. கம்பம் செங்குத்தாக இல்லாவிட்டால், டிஷ்ஷை இடவலமாகத் திருப்பும்போதே ஏற்றக் கோணமும் (அது மேல்நோக்கிப் பார்க்கும் கோணம்) மாறிவிடும்; எவ்வளவு தேடினாலும் சிக்காது. அடியில் வாஷர் கொடுத்து நிமிர்த்தி, ஆங்கர் போல்ட்டை இறுக்கினேன்.

செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில். மதுரையிலிருந்து திசை வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 122 டிகிரி (தென்கிழக்கு), ஏற்றம் 68 டிகிரிக்குச் சற்று மேல். டிஷ்ஷின் முகம் அதைவிடத் தாழ்வாகத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் பிராக்கெட்டில் உள்ள அளவுகோலைப் பாருங்கள். திசைகாட்டியைக் கம்பத்தை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள், கம்பத்தின் இரும்பு, திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும். செட்-டாப் பாக்ஸின் அமைப்பில் எல்.என்.பி. அலைவரிசை 9750/10600 என்று வையுங்கள். டிஷ்ஷை நூலளவு நகர்த்தி, சில விநாடி பொறுத்துத்தான் அடுத்த நகர்த்தல்.

மழையில் படம் உறைந்ததற்குக் காரணம் எஃப் கனெக்டருக்குள் (கேபிள் நுனியில் உள்ள திருகு இணைப்பு) தண்ணீர். கேபிள் நுனியை வெட்டி, நடுக்கம்பி 3 மி.மீ. நீட்டும்படி புதிதாகப் போட்டேன். கேபிளைச் சுற்றியுள்ள உலோக வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.